பீட்ரூட் மை

செக்காலை ரோட்டிலிருந்து செஞ்சை முக்கு வரைக்கும்
என் வண்டி.
விசில் ஊதினால் கதவு திறக்கும்.
இப்போது யாரும் குப்பை என்று சொல்வதில்லை.
"வேஸ்ட்டு வந்துருச்சு" என்கிறார்கள் உள்ளே திரும்பி.
வந்தது வண்டியா, நானா,
அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

பச்சை டப்பா வெட் வேஸ்ட். நீலம் டிரை வேஸ்ட்.
சிவப்புக்கு ஹசார்டஸ்,
அதைச் சொல்லும்போது மேஸ்திரி சகாயத்துக்கே பல் தடுக்கும்.
டாக்டர் வீட்டில் டிரேஷ்,
துபாய் போய் வந்தவர் வீட்டில் கார்பேஜ்.
எலெக்ட்ரிக் கடைக்காரர், இரண்டு தடவை பெயிலான மகனை
ஸ்கிராப் என்கிறார்
என் எதிரிலேயே,
எடைக்குப் போடப்போகிறவர் மாதிரி.
பையன் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்கா சொல் இல்லை?
செத்தை, சருகு, கூளம், கசடு, ஓட்டை உடைசல்.
கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும்
எது எதுவென்று சொல்வேன்.
வேஸ்ட்டுக்கு மட்டும் நாற்றம் கிடையாது.
அதனால்தான் வீட்டுக்குள் வைத்துப் பேசுகிறார்கள்.

இல்லை என்கிற சமாச்சாரம் வேறு.
இந்த ஊர்க் கடையில் அரிசி தீர்ந்தால்
நிறைஞ்சிருக்கு என்பார்கள்.
கடன் கிடையாது என்பதற்கு
நாளைக்கு வாங்க.
எனக்கு அதுவும் வராது.
மாட்டேன் என்று ஆரம்பித்தாலே
கடைசியில் ஓர் ஏன் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.
காரணம் சொல், காரணம் சொல் என்று.
சொல்லிச் சொல்லியே
சம்மதித்துவிட்டு வருவேன்.

முத்துப்பட்டணத்தில் ஒரு வீட்டைக் காலி செய்தார்கள்.
பங்காளி வழக்கு முடிந்து
கதவு, நிலை, பித்தளை, பீங்கான் எல்லாம் லாரி ஏறியபின்
மிச்சம் எனக்கு.
பதினோரு பாத்ரூம் அந்த வீட்டில்.
ஒன்றைக் கேட்டேன், ரெண்டு நிமிஷத்துக்கு.
செல்போனிலிருந்து தலையெடுக்காமல் அந்தம்மா,
"சாரி, நோ."
வாலில்லாத சொல்.
அதில் நானும் இல்லை, அவளும் இல்லை, காரணமும் இல்லை.
எங்கள் பக்கம் நோவு என்றால் வலி.
அடிவயிறு நொந்தபடி
கரையான் தின்ற கணக்குப் புத்தகங்களை அள்ளினேன்.

உள்ளே ஒரு முத்திரைக்கட்டை.
பர்மாவில் கடை வைத்திருந்த வீடாம்.
எழுத்தெல்லாம் வலமிடமாக.
என் மகள் லிடியா செல்ஃபி கேமரா முன்னால் பிடித்து
வாசித்தாள்: "கேன்சல்டு."
அப்படின்னா?
"ரத்தும்மா. இனிமே செல்லாது."

அடேயப்பா, ஒரே கட்டையில் ரெண்டு வேலை.
முகத்துக்கு நேரே நோ என்கிறது,
குத்திய காகிதத்தையும் குப்பையாக்குகிறது.
எத்தனை பேர் நிலத்துப் பத்திரம்
இந்தக் கட்டையடியில் மீண்டதோ, எது மீளாமல் போனதோ.

மை இல்லை. பொரியலுக்குச் சீவிய பீட்ரூட் தோலைப் பிழிந்தோம்.
முதலில் லிடியா முழங்கையில்.
பிறகு காலண்டரில் திங்கட்கிழமை மேல்.
பிறகு, யாரும் சொல்லாமலே,
மகளிர் குழு லோன் அட்டையில்.
ஐம்பத்திரண்டு வாரக் கட்டம்,
முப்பத்தொன்றில் கையெழுத்து.
மிச்சம் இருபத்தொன்றுக்குக் குறுக்கே
ரோஸ் கலரில் விழுந்தது.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கலெக்‌ஷன் தம்பி நிர்மல் வந்தான்.
"என்னக்கா இது?"
"நோ" என்றேன்.
வாய் வலிக்கவில்லை. அவ்வளவு லேசான சொல்.
அவன் கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தான்.
ரோஸ் மேலேயே கையெழுத்துப் போட்டு
அறுநூற்று நாற்பதை எண்ணி வாங்கிக்கொண்டான்.
அவன் மேலும் ஒரு மேஸ்திரி இருப்பான்தானே.

வண்டியை உதைத்தவன் இறங்கித் திரும்பி வந்தான்.
"அக்கா, அந்தக் கட்டைய ஒருநாளைக்குத் தர்றீங்களா?
எனக்கும் பைக் டியூ நாலு நிக்குது."

"நாளைக்கு வா தம்பி" என்றேன்,
கடைக்காரர் குரலில்.