வீட்டு எண் இருநூற்றுப் பதினேழு

ஆடிக் காற்றில் சாக்கு பறக்கும்.
ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டு
மறுகையால் செல்போனைத் தூக்கினால்
நிலையில் ஒட்டிய கட்டம் நடுங்கும்.
அதைக் கேட்டால் நான்தான் நடுங்குகிறேன் என்று சொல்லும்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே
எங்கள் வார்டில் இருநூற்று முப்பது வீடு,
வீட்டுக்கொரு கட்டம்.
காட்டினால் மலையாளத்தில் திறக்கும்:
வீட்டுக்காரர் பேர், ஆள் எத்தனை,
பிளாஸ்டிக் எத்தனை கிலோ,
ஐம்பது ரூபாய் வந்ததா.
நான் படித்தது பொள்ளாச்சியில்.
எழுத்து தெரியாது, எண் தெரியும்,
பச்சைப் பொத்தான் தெரியும்.

கறையான் தின்ற பலகை என்பாள் துளசிமணி.
பயிற்சியில் வேறு சொன்னார்கள்:
மூன்று மூலையில் மூன்று கண்,
நாலாவது மூலையில் கண் கிடையாது.
அது இல்லாததை வைத்துத்தான்
தலை எது கால் எது என்று செல்லுக்குப் புரியுமாம்.

கிட்டுசாமிக் கவுண்டருக்கு
வாசல் கேரளா, எருமைக் கொட்டகை தமிழ்நாடு.
கொட்டகைக்குள் போனால் டவர் மாறி
செல் என்னை வரவேற்கும்.
"தவிட்டுச் சாக்கு எந்த கவர்மெண்டு குப்பைங்க அம்மணி?"
மாதாமாதம் கேட்பார்.
மாதாமாதம் அவரே சிரிப்பார்.

இருநூற்றுப் பதினேழு இப்போது வீடே இல்லை.
சித்திரை மழையில் சுவர் சாய்ந்தது,
மிச்சத்தை ஜேசிபி வாரியது.
கேட்டுத் தூண் ஒன்று நிற்கிறது
கட்டத்தோடு.
காட்டினால் திறக்கிறது:
ஆள், 4.
'வீடு பூட்டியிருக்கிறது' என்று ஒரு பொத்தான் உண்டு.
'வீடு இல்லை' என்று பொத்தான் இல்லை.
ஸ்கேன் ஆனால் போதும் என்கிறார் பிந்து சேச்சி,
ஒன்று குறைந்தாலும் கணக்கு மேலே ஏறாதாம்.
மூன்று மாதமாகப் பூட்டிவிட்டுப் போகிறேன்
கதவில்லாத வீட்டை.

நேற்று தூணருகே ரீத்தாமேரி.
திருப்பூரிலிருந்து முதல் பஸ்.
சின்னவன் தோளில் தூங்குகிறான்,
பெரியவள் செங்கல் பொறுக்கி அடுக்குகிறாள்.
"காட்டுங்க, பார்க்கலாம்" என்றாள்.
காட்டினேன்.
அவள் மலையாளம் படிப்பாள்.
அல்போன்ஸ் பேர்தான் முதலில் வந்ததாம்.
விரலால் அதைப் பெரிதாக்கினாள்,
இன்னும் பெரிதாக்கினாள்,
திரை முழுக்க ஒரே எழுத்து நிற்கும்வரை.

"நாலை மூணாக்க முடியுங்களா?"
"பஞ்சாயத்தில் எழுதிக் கொடுக்கணும்."
காற்று கொஞ்சம் ஓய்ந்தது.
"வேண்டாங்க. இருக்கட்டும்."

பைக்குள் துழாவி
பிள்ளைகள் தின்ற மிக்சர் கவர் ஒன்று,
நசுங்கிய தண்ணீர் பாட்டில் ஒன்று
எடுத்து என் சாக்கில் போட்டாள்.
கூடவே ஐம்பது ரூபாய்,
வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

செல் எடை கேட்டது.
தராசு இதற்கெல்லாம் அசையாது.
கையில் நிறுத்துப் பார்த்து
இருபது கிராம் என்று போட்டேன்.