நாடா

எங்கள் நாய்க்கு நாடா என்று பேர்.
கேட்டுக்கும் கிணற்றடிக்கும்
போவதும் வருவதுமாய் ஓடியதால்
எட்டாவது படிக்கும்போது மகன் வைத்தது.
அவன் இப்போது ஓசூரில் இருக்கிறான்.
பேரும் ஓட்டமும் இங்கேயே நின்றுவிட்டன.

பதினாறு தறி ஓடுகிற குடோனை ஒட்டி வீடு.
நாய் குரைத்தால் வாய் அசைவது தெரியும்,
அவ்வளவுதான்.
நாங்களே வாயைப் பார்த்துப் பேசுகிறவர்கள்.
சோற்றுக்கு ஒரு கை,
கரண்ட் பில்லுக்கு ஒரு முகம்.
ஆறு வருசமாய் அது குரைத்ததை
நான் கேட்டதில்லை, பார்த்திருக்கிறேன்.

கூலி உயர்வு கேட்டுப்
பல்லடம் பக்கமெல்லாம் தறியை நிறுத்திய ராத்திரி
முதல்முறையாய்க் கேட்டது.
பால்காரர் மொபெட்டுக்கு.
தகரத்தில் விழுந்த புளியம்பழத்துக்கு.
அடுத்த வீட்டுக் குக்கருக்கு.
ஒன்றுமே இல்லாததற்கும்.
சத்தத்தில் பிறந்த குட்டி,
அமைதியைத்தான் திருடன் என்று எண்ணியதோ என்னமோ.

மூன்றாம் நாள் கோகிலவாணி வந்தாள்,
இடுப்பில் ஒன்பது மாதப் பிள்ளை.
"ஏனுங்க்கா, தறிச்சத்தத்துல தூங்கிப் பழகுன கொழந்தைங்க.
இப்பத்தான் சித்தெ கண்ணசருது, ஒடனே உங்க நாயி..."
மிச்சத்தை நாடாவே சொல்லி முடித்தது.

"கம்முனு கெட!" என்று கத்தினேன்.
குரைத்தது.
இன்னும் ஓங்கிக் கத்தினேன்.
இன்னும் ஓங்கிக் குரைத்தது, வாலை ஆட்டிக்கொண்டே.
அப்புறம்தான் உறைத்தது,
நானும் சேர்ந்து குரைப்பதாய் அது நினைத்திருக்கிறது.
ஆறு வருசத்தில் துணைக்கு ஒரு ஆள்.

சங்கிலியைக் குட்டையாக்கு என்றான் மைத்துனன்.
குட்டையாக்கினேன்.
குரைப்பு நீளமாயிற்று.

தொண்டை கட்டிப்போன ஒரு மத்தியானம்
டீயில் பொறையை நனைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.
ஸ்கூல் வேன் போனது. குரைத்தது. நான் பேசவில்லை.
மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தியது.
அந்த நொடிக்குள் ஒரு துணுக்கைப் போட்டேன்.
பொறையைப் பார்த்தது.
என்னைப் பார்த்தது.

அன்றிலிருந்து எண்ணுகிற வேலை.
மூன்று நொடி. ஐந்து.
ஒருநாள் பன்னிரண்டு, மறுநாள் திரும்பவும் இரண்டு.
அறுந்த இழையை முடிந்து முடிந்து ஓட்டுகிறவளுக்கு
இதிலென்ன சலிப்பு?
டேமேஜ் என்று கழித்துவிட்ட காடாவை
கேட்டுக் கம்பியில் இடுப்புயரம் கட்டினேன்.
தெரு மறைந்தது. பாதிக் குரைப்பு அதோடு போயிற்று.
விடியலில் வாய்க்கால் மேட்டில்
கரடிவாவி ரோடு வரைக்கும் நடை.
தறி ஓடினால் எனக்கேது நேரம்?
நாய் அலுத்துத் தூங்கியது. நானும்.

இருபத்தாறாம் நாள்
பேச்சுவார்த்தை முடிந்து இவர் வந்தார்.
சட்டைப்பையில் பாதி பிஸ்கட் பாக்கெட்.
"சத்தம் போட்டவங்கள வெளிய உக்காரச் சொல்லிட்டாங்க.
கம்முனு இருந்தவங்களுக்கு டீ, பிஸ்கட்டு.
அப்பறம் மீட்டருக்கு இத்தன பைசான்னாங்க."
எத்தனை என்று நான் கேட்கவில்லை.
முகம் படிக்கத் தெரியும்.
முந்தானையில் முடிந்திருந்த பொறை
இடுப்பில் குத்தியது.

அன்று ராத்திரி சட்டத்தை மாற்றினேன்.
யாராவது வந்தால் மூன்று தரம் குரைக்கலாம்.
மூன்றாவதற்கு நான் எழுந்து வந்து
காடாவை விலக்கி எட்டிப் பார்த்து
"செரி, பாத்துட்டேன்" என்று சொல்லவேண்டும்.
சொன்னால்தான் அடங்குகிறது.
பொறையெல்லாம் அப்புறம்.

மறுநாள் தறி ஓடத் தொடங்கியது.
கோகிலவாணியின் பிள்ளை உடனே தூங்கிவிட்டதாம்.
கேட்டருகே நாடாவின் வாய்
மூன்று தரம் திறந்து மூடியது.
ஒன்றும் கேட்கவில்லை.
என் தறியை இவர் பொறுப்பில் விட்டுப் போய்ப் பார்த்தேன்.
சைசிங்கிலிருந்து பாவு வந்திருந்தது.

"பாத்துட்டேன்" என்றேன்.
எனக்கே கேட்கவில்லை.
அது
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.