எதிரே அமர்ந்திருப்பவனுக்கு

ஹச்சினோஹே துறைமுகத்தில்
விடிகாலை மூன்று மணிக்கு விளக்கு எரியும்.
பத்து மணிக்குள் இரண்டாயிரம் கானாங்கெளுத்தி
என் கத்திக்குக் கீழே போய்விடும்.
ரத்தத்தைக் குழாய்த் தண்ணீரில் அடித்துவிடுவேன்.
அதைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்வதில்லை.

வியாழன் மாலை
ஆரம்பப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில்
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே
முழங்கால் மடித்து உட்காருகிறேன்,
உனக்காக.

உனக்கு முகம் இல்லை.
என் உயரம்தான் உன் உயரம் என்பது விதி.
அப்படியானால் உனக்கும் லேசாகக் கூன் இருக்கும்,
இடது முட்டி வலிக்கும்.
நீ அசைய நினைக்கிறாய்.
நினைப்புக்கும் அசைவுக்கும் நடுவே
ஒரு மீன்செதில் நுழையும் இடம்.
அதற்குள் என் கட்டைவிரல்
வாளின் கைக்காப்பை முன்னே தள்ளிவிடுகிறது.

மற்றது உனக்கே தெரியும்.
பிறகு
இல்லாத ரத்தத்தை உதறுகிறேன்.
பதினோரு வருடமாக உதறுகிறேன்.

தந்தையைக் கொன்றவனைத் தேடிய ஒருவன்
இங்கிருந்து தெற்கே ஒரு கோயிலில்
நூறு நாள் வேண்டிக் கிடந்தானாம்.
உருவும்போதே வெட்டும் இந்த முதல் வீச்சு
கனவில் கிடைத்ததாம்.
அவன் எதிரிக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது.
நானூறு வருடம் கை மாறியதில்
எங்கோ முகம் தேய்ந்து
என்னிடம் நீ வந்து சேர்ந்தாய்.

போரில் தோற்ற வருடம்
வாள்களை விறகுபோல் அடுக்கி
லாரியில் கொண்டுபோனார்கள்.
அன்றிரவும் யாரோ ஒருவர்
வெறும் இடுப்போடு உட்கார்ந்து
இல்லாத வாளை
இல்லாதவன்மேல் உருவியிருப்பார்.
என்னிடம் வாளாவது இருக்கிறது.
தவணையில் வாங்கியது. கூர் தீட்டாதது.

போன ஞாயிறு, அவோமோரியில்,
ஐந்தாம் நிலைத் தேர்வு.
"குஷிபிக்கி மினெகோ" என்றார்கள்.
நடுவர் வரிசையில் யாரோ தும்மினார்.
வெட்டினேன். உதறினேன்.
உறைக்குத் திரும்பும்போது வழி தவறி
இடது பெருவிரல் இடுக்கில் இறங்கியது.
கூர் இல்லாத வாளுக்கும் நுனி உண்டு.

மரத்தரையில் ஒரு சொட்டு.
பதினோரு வருடத்தில் முதல்முறையாக
உதற ஏதோ இருந்தது.
உதறும் கட்டம்
அதற்குள் முடிந்துபோயிருந்தது.

வணங்கினேன். கைக்குட்டையால் தரையைத் துடைத்தேன்.
சுவரில் ஒட்டிய எண்களில் என் எண் இல்லை.

மறுநாள் மூன்று மணிக்கு
பிளாஸ்திரிக்குள் உப்பு புகுந்து எரிந்தது.
கானாங்கெளுத்திகள் கண் மூடாமல் பார்த்தன.

வியாழன் வருவேன்.
முட்டிக்கு ஏதாவது தடவிக்கொண்டு
நீயும் வா.