லேனா உடையும் வாரம்

மருத்துவமனை அக்கரையில்.
குளிர்காலம் முழுக்க எங்களுக்கு ஆறுதான் சாலை.
லாரி போகும், மணப்பெண் போவாள்,
ஒருமுறை பியானோ ஒன்று போனது.
மே பிறந்தால்
அது சாலையுமில்லை, ஆறுமில்லை.

"ஏப்ரல் முடிவதற்குள் வந்து படுத்துவிடு"
என்றார் டாக்டர் தொலைபேசியில்.
க்யுன்னேய் அசையவில்லை.
தொழுவத்தில் செம்பசுவுக்கும் அதே மாதம்,
தலையீற்று,
விட்டுவிட்டு எப்படிப் போவது என்றாள்.

போன ஆகஸ்ட்.
புல்லறுப்பு, கொசுப்புகை, இருட்டவே மனமில்லாத வானம்.
எங்கள் ஊரில் பாதிப்பேர் மே மாதத்தில் பிறந்தவர்கள்.
ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

பனிக்கட்டியைத் துளையிட்டு அளப்பது என் வேலை.
ஒரு கை நீளம்,
ஒரு முழங்கை,
பிறகொரு நாள் ஒரு சாண்.
அன்று சாலைக்குக் குறுக்கே கட்டையை நட்டவன் நானே.
வீட்டுக்கு வந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினெட்டாம் தேதி இரவு
பசுவைப் பார்க்க வந்திருந்தாள் மவ்ரா,
கால்நடை உதவியாளர்.
பூட்ஸைக் கழற்றாமலே
வீட்டுக்குள் திருப்பிவிட்டேன்.
வெந்நீர் கேட்டாள், விளக்குக் கேட்டாள்,
என்னை வெளியே போகச் சொன்னாள்.

விடியும்போது ஆறு வெடித்தது.
பாளம் பாளமாய் ஒன்றின்மேல் ஒன்றேறி
கரையைத் தின்றுகொண்டு நகர்ந்தது.
அந்தச் சத்தத்தில்
முதல் அழுகை எனக்குக் கேட்கவில்லை.

பசுவுக்கென்று கோடு போட்டு வைத்திருந்த வரியில்
மவ்ரா எழுதினாள்:
பெண். மூன்று கிலோ நானூறு.
நிறம் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து,
சிவப்பு.

செம்பசு
இன்னும் நின்றுகொண்டிருந்தது,
அசைபோட்டபடி.