மற்றவை

படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
பாடகர். சொற்பொழிவாளர். மற்றவை.
புவான் நோராய்னி பேனா முனையால் தட்டி
வெள்ளிக்குள் முடிவு வேண்டும் என்றார்.
வெள்ளிக்கு இரண்டு நாள் இருந்தது.
வெள்ளியாக எங்களிடம் இருந்தது
இரண்டாயிரத்து இருநூறு.

பீடோங் மாமாக் கடை, பின்மேசை.
ஐந்து பேருக்கு மூன்று தே ஓ ஐஸ்.
நான் பொருளாளர்.
கைப்பேசியில் கால்குலேட்டர் இருந்தும்
விரல் விட்டுத்தான் எண்ணினேன்.

கோலாலம்பூர் ராப் பாடகருக்காக
மேனேஜர் பேசினார்: நாலாயிரம்,
குளிர்சாதன அறை, மேடைக்குப் புகை இயந்திரம்.
"புகையா? எங்க ஊர்ல செம்பனை ஆலை இருக்கு சார்,
அது இலவசம்" என்றான் கவிலன்.
மேனேஜர் சிரிக்கவில்லை.

சிரிப்புக்காரர் ஒருவர் காணொளி அனுப்பினார்.
பன்னிரண்டு நிமிடம்.
குடிகார அப்பன், கறுத்த மனைவி,
தோட்டத்துப் பையன் பேசும் இங்கிலீஷ்.
ஐந்தாம் நிமிடத்தில் தர்ஷ்விந்த் சிரித்தான்.
லோஷினி போனைக் கவிழ்த்து வைத்தாள்.
ஐஸ் உருகும்வரை யாரும் பேசவில்லை.
லோஷினியின் அப்பாவைப் பற்றி
ஐந்து பேருக்கும் தெரியும்.

உருமி மேளம் என்றால்
சோதனை வாரம் என்பார் புவான்.
மாயாஜாலக்காரர் முயலோடு வருவாராம்.
விடுதியில் பிராணிகளுக்குத் தடை.

வேலுச்சந்திரனின் எண்ணை
லோரிகள் நிற்கும் இடத்தில் வடை போடும் அக்கா கொடுத்தார்.
பலகுரல்.
பகலில் பழக்குலை ஏற்றும் லோரி.
எடுத்ததும் அவர்தான் கேட்டார்:
எத்தனை பேர் வருவாங்க?
கடைசி வரிசையில யாரு உட்காருவா?
ஒருநாள் சும்மா வந்து
கேட்டுட்டுப் போகட்டுமா தங்கச்சி?
வேறு எவரும் எங்களை எதுவும் கேட்கவில்லை,
முன்பணத்தைத் தவிர.

எண்ணூறு என்றார்.
ஐந்நூறு என்றேன்.
"மாணவர்கள்தானே அண்ணே, பாத்துச் செய்ங்க.
சாப்பாடு உண்டு, பேனர்ல பேரு உண்டு."
அறுநூறில் முடிந்தது.
கமிட்டி எனக்குக் கைதட்டியது.

மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக்.

செவ்வாய் மதியம் வந்தார்.
காதோரம் செம்மண் தூசி.
அலுவலக வாசலில் நின்றார்,
கேன்டீனில் நின்றார்,
ஏழாம் அறை ஜன்னலுக்கு வெளியே
வெகுநேரம் நின்றார்.
எதையும் எழுதிக்கொள்ளவில்லை.
பாதுகாவலர் இரண்டு தடவை விசாரித்தார்.

சனி இரவு நல்ல மழை.
முந்நூறு நாற்காலியில் நூற்றெழுபது பேர்.
மைக்கில் அவர் முதலில் எடுத்தது
புவானின் முத்திரைக் கட்டை:
டப். டப். ஒரு பெருமூச்சு. டப்.
தமிழில் ஒரு சொல் தெரியாத புவான்தான்
முதலில் சிரித்தார்,
துடோங் நுனியால் வாயை மூடிக்கொண்டு.
பிறகு ஏழாம் அறையின் மின்விசிறி,
கேன்டீன் பூனை,
பின்னால் போகும் லோரி,
விடிகாலை ஐந்தரைக்கு வரும்
தொழிற்சாலைப் பேருந்தின் ஹாரன்.
அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.
பாதி மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது,
அம்மாவின் செருப்பைத் தேடுவதுபோல.

தொண்டையைச் செருமினார்.
ஒரு பெண் குரல், தேன் தடவி:
"மாணவர்கள்தானே அண்ணே, பாத்துச் செய்ங்க.
பேனர்ல பேரு உண்டு."
கூரையில் மழை கேட்காத அளவுக்குச் சிரிப்பு.
லோஷினி என் முதுகில் அறைந்தாள்.
நானும் சிரித்தேன்.
அவர் தலைக்கு மேலே பேனரில்
வேலுசந்திரன் என்றிருந்தது,
ஒரு ச் குறைவாக.

உறையைக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்கவில்லை.
பிரியாணிப் பொட்டலத்தை லோரியின் முன்சீட்டில் வைத்து
"கடைசி வரிசைக்குக் கேட்டுச்சா?" என்றார்.
கேட்டது என்றேன்.
அது அவருடைய சொந்தக் குரல்.
கொஞ்சம் கரகரப்பு, சளி பிடித்ததுபோல.
இரண்டு மணிநேரத்தில்
அதை மட்டும் மேடையில் கேட்கவில்லை.

திங்களன்று மிச்சத்தை ஒப்படைத்தேன்.
சாப்பாடு, பேனர், கலைஞர் போக
எண்ணூற்று எழுபத்தைந்து வெள்ளி.
எந்தச் சங்கமும் இவ்வளவு திருப்பிக் கொடுத்ததில்லையாம்.
"பாகுஸ்" என்றார் புவான்,
முத்திரையை எடுத்தார்.

டப். டப்.
பெருமூச்சு.
டப்.