ஒரு கொதி

பங்களாவில் பண்டிகை முடிந்து
செய்தித்தாளில் சுற்றி வந்தது
ஹாம் எலும்பு.
கறி என்று சொல்ல ஏதுமில்லை;
மூட்டோரம் ஒட்டிய கொஞ்சம் சிவப்பு,
புகைவாசம், ஒரு கிராம்பு.

மொச்சையை நேற்றே ஊறவைத்திருந்தேன்,
ஏதாவது வரும் என்று.

நாகலூர்ப் பக்கம் பனி இறங்கிவிட்டால்
ஜன்னலுக்கு வெளியே காப்பிச்செடி கிடையாது,
மிளகுக்கொடி கிடையாது,
சில்வர் ஓக் கூட
மரம் என்று நம்பினால்தான் மரம்.

உப்புப் போடாதே என்று
இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார் பிலவேந்திரன்.
எலும்பே உப்பாம்.
போட்டுவிட்டேன். கைப்பழக்கம்.
பிறகு ஓர் உருளைக்கிழங்கை உரித்துப் போட்டு
வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்தாவது விசில் அடங்குமுன்
கீழ் லைன் ரெஜினா வாசலில்,
கையில் காலிக் குக்கர்.
"சாறு வேண்டாம்க்கா.
எலும்பு மட்டும். ஒரு கொதி."

என் கொதிக்கப்புறம் அதில் என்ன மிச்சம் இருக்கும்?
கொடுத்தேன்.
குக்கருக்குள் லொடலொடவென்று
மூடுபனியில் இறங்கிப் போனது.

ராத்திரி அவர் ஊதி ஊதிக் குடித்தார்.
"பார்த்தியா, போடாமலே
உப்பு எப்படி நிக்குது!
ஆமா, எலும்பு எங்கே?"

இந்நேரம் அது
நாலாவது வீட்டு அடுப்பில் இருக்கும்.

உப்பைக் குடித்த உருளைக்கிழங்கை மட்டும்
அவர் கிண்ணத்துக்குப் போகாமல்
நானே தின்றேன்.