பிழை எண் 612

சீகோரா என்று பெயர் வைத்தேன்.
ப்ர்னோவில், எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலில்
குளிர்காலம் முழுக்கக் கொழுப்புருண்டை கொத்தும்
பதினோரு கிராம் பறவையின் பெயர்.
என் நூலகமும் ஏறக்குறைய அந்த எடைதான்.
நாலாயிரத்துச் சொச்சம் வரி.
யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம்,
யாருக்கும் காசில்லை, எனக்கும்.

பகலில் கொதிகலன் கம்பெனிக்கு ரசீது நிரல்.
இரவில் இது:
சொல்லின் இருபுறமும் ஒரு நட்சத்திரம் வைத்தால்
சொல் சாயும்.
இரண்டு வைத்தால் தடிக்கும்.
வரி முடிவில் இரண்டு வெற்றிடம் விட்டால்
(கண்ணுக்குத் தெரியாது, பல சமயம்
விட்டவருக்கே தெரியாது)
அங்கே வரி முறியும்.
எண்ணை அடுத்துப் புள்ளி வந்தால்
பட்டியல் தொடங்கிவிட்டது என்று பொருள்.
முதல் எண்ணை மட்டும் பார், பிறகு நீயே எண்ணிக்கொள்
என்று அதற்குச் சொல்லிவைத்தேன்
ஒரு ஞாயிற்றுக்கிழமை,
வீதெக் குளியல் தொட்டியில் கத்திக்கொண்டிருந்தபோது.

ஃபாரோ தீவுகளில் ஒரு துறைமுக அலுவலகம்.
எழுதியவள் சுன்வா.
"உங்கள் நிரல் எங்கள் படகுகளை
வருடத்துக்கு ஒன்றாக மூழ்கடிக்கிறது."

அவள் தட்டியது:
1894. நான்கு பேர். மூடுபனி.
1894. எட்டுப் பேர். அதே நாள்.
1894. இரண்டு பேர், ஒரு நாய்.
1913. ஆறு பேர்.
இப்படி முப்பத்தொரு வரி.

பக்கத்தில் வந்தது:
1894, 1895, 1896, 1897
பிசகில்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளைபோல.

விதிப்படி நடக்கிறது, பிழையன்று
என்று பதில் போட்டு மூடினேன்.
எட்டாம் எண் டிராமில் நின்றபடி,
ஒரு கையால்.

மறுநாள் அவள் எழுதினாள்:
"1895இல் இங்கே யாரும் சாகவில்லை.
அந்த வருடம் மூன்று கல்யாணம்.
1896இல் மூழ்கப் படகே இல்லை.
கட்ட ஆள் இல்லை."

நிரல் என்றாலே வரிசைதானே.
வரிசை தெரியும் அதற்கு.
ஒரே நாளில் மூன்று முறை வரக்கூடிய கடலை
நான் அதற்குச் சொல்லித்தரவில்லை.

விதியை மாற்றிப் பார்த்தேன்.
நாற்பத்தொரு சோதனை சிவந்தது.
எங்கோ யாரோ அந்த விதியை நம்பி
ஒப்பந்தம், சமையல் குறிப்பு,
மருந்து வேளை எழுதியிருக்கிறார்கள்.
திருப்பி வைத்தேன்.
காபி ஆறிப்போயிருந்தது.

கடைசியில் சொன்னது இவ்வளவுதான்:
புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போடுங்கள்.
போட்டாள். வருடங்கள் திரும்பின.
ஆனால் முப்பத்தொரு படகும்
ஒரே பத்தியில் முட்டிக்கொண்டு நின்றன.
வரி முடிவில் இரண்டு வெற்றிடம் என்றேன்.
"காலி இடத்தை எப்படிச் சரிபார்ப்பது?" என்றாள்.
கர்சரை வரியின் கடைசிக்குக் கொண்டுபோங்கள்,
எழுத்து முடிந்த பிறகும் இரண்டு அடி நடக்கும் என்றேன்.

அவளைக் கேட்டு, பெயர்களை நீக்கி,
அந்தக் கோப்பைச் சோதனைகளோடு சேர்த்தேன்.
இனி யார் ஓர் எழுத்தை மாற்றினாலும்
முதலில் அந்தப் படகுகள் போய்வர வேண்டும்.
1894 மூன்று தடவை வராவிட்டால்
சீகோரா வெளியே பறக்காது.
சாய்கோடுகள் பக்கத்தில் தெரியாது.
மூலத்தைத் திறந்தால் தெரியும்:
முப்பத்தொரு பாய்மரம்,
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.

612ஐ மூடினேன்.
613ஐயும் அவள்தான் எழுதினாள்.
"ஒரு படகுக்கு ஆண்டு தெரியவில்லை.
ஐந்து பேர் என்பது மட்டும் தெரியும்.
வரியின் தொடக்கத்தில் என்ன போடுவது?"

அது இன்னும் திறந்தே இருக்கிறது.